கிளிப் போடாத பின்

வெல்டரின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெருவுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக நின்றால் அதுதான் பட்டறை. மலைப்பாதையில் கல்லிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டிகளுக்கு, வாங்கும்போது இருக்கிற பம்பர் தகரடப்பா மாதிரி. ஒரு பாறையில் உரசினால் போச்சு. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கனமான இரும்பில் புதிதாகக் கட்டிக்கொடுப்பதுதான் அவர் தொழில்.

பின் பம்பரில் நீளமாக ஒரு இரும்புக் கை இருக்கும். ஸ்டெப்னி டயரும் டீசல் கேனும் அதில்தான் தொங்கும். ஒரு முனை கீலில் மாட்டியிருக்கும். வீட்டுக் கதவைப்போல அந்தக் கையை வெளிப்பக்கம் திருப்பினால்தான் வண்டியின் பின்கதவைத் திறக்க முடியும். மூடியதும் மறுமுனையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு இரும்புப் பின் இறங்கி, பம்பரில் இருக்கிற துளைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஸ்பிரிங் அதைக் கீழ்நோக்கி அழுத்தும். பின்னின் அடியில் வளைந்த கம்பியாக ஒரு கிளிப். ஒரு ஆள் எடைக்கு மேல் இருக்கிற டயரையும் கையையும் அந்தப் பின் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பின்னை அந்தக் கிளிப் பிடித்து வைத்திருக்கும்.

வெல்டருக்கு இந்தப் பின் விஷயத்தில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. வண்டியை ஒப்படைக்கும்போது யாராயிருந்தாலும் நிறுத்திவைத்துச் சொல்லுவார். "வாரம் ஒருதடவை பின்னை உருவித் தொடச்சு எண்ணெய் காட்டணும். சேறு ஏறினா இறுகும். இறுகினா திறக்காது. திறக்கலைன்னு சுத்தியலைத் தூக்குவீங்க. அடிச்சா வளையும். வளைஞ்சது அப்புறம் பின்னு இல்லய்யா, எமன்." வண்டிக்காரர்கள் தலையை ஆட்டுவார்கள். தெருமுனை திரும்புவதற்குள் மறந்துவிடுவார்கள்.

மறக்கிறவர்களுக்காகத்தான் அண்ணி அந்த வேலைக்கு வந்தாள். அண்ணி என்றால் வெல்டரின் மனைவி. முதலில் கொழுந்தன் அப்படிக் கூப்பிட்டான்; அதைக் கேட்டு டிரைவர்கள் கூப்பிட்டார்கள்; கடைசியில் அவளைவிட மூத்த லாரிக்காரர்கூட, "அண்ணி, அந்த ஸ்பானரை எடு" என்று ஆரம்பித்துவிட்டார். சண்டை போட்டுப் பயனில்லை என்று அவளும் தெருவுக்கே அண்ணியாகிவிட்டாள்.

வெல்டருக்கு இடுப்புவலி. குனிந்தால் நிமிர ஒரு ஆள் வேண்டும். அதனால் பழைய சாக்கை விரித்து பம்பருக்கு அடியில் உட்காருவது அவள்தான். கிளிப்பை உருவி, பின்னையும் ஸ்பிரிங்கையும் கழற்றி டீசலில் ஊறவைப்பாள். காய்ந்த சேறு கரைந்து டப்பாவின் அடியில் மாவுபோலப் படியும். தேய்ந்த பல்பிரஷ்ஷால் துளையைக் குடைவாள். உப்புத்தாளால் துருவை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பின்னை விரலால் தடவிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விரலுக்குத் தெரியும். பின்னுக்குக் கெட்டிக் கிரீஸ் ஆகாது, தூசியைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும். தடவியதும் காய்கிற மெல்லிய எண்ணெய் போதும். கீலுக்குத்தான் கிரீஸ். கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் பழைய கறுப்புக் கிரீஸ் புழுவாக நெளிந்து வெளியே வரும். பின்னாலேயே புதுசு எட்டிப் பார்க்கிறவரை அழுத்த வேண்டும். அந்த வேலையில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. அழுக்கு போவதைக் கண்ணால் பார்க்க முடிகிற வேலை வீட்டில் வேறு எது இருக்கிறது?

வெல்டருக்கு ஒரு தம்பி. வீட்டில் அவன் சின்னவன். சொந்தமாக ஒரு ஜீப் வைத்து மலைமேல் இருக்கிற குடியிருப்புகளுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் போகிறவன். அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். போன மழைக்கு முன்பு அந்தச் சுவரின் உயரம் திடீரென்று கூடிவிட்டது.

நடந்தது சின்ன விஷயம். சின்னவன் வண்டியில் டயர் கை இறுகிவிட்டது. பின்னுக்கு எண்ணெய் போட்டு எத்தனையோ காலம். அண்ணனிடம் போனால் திட்டுவாரே என்று பயந்து, எங்கேயோ ஒரு பட்டறையில் கையை அறுத்துப் புதிதாக வெல்டு வைத்துக்கொண்டு வந்துவிட்டான். வெல்டர் பார்த்தார். அவர் கட்டிய பம்பரில் வேறு ஆள் கை.

"இது யாரு வச்ச வெல்டு?"

"அவசரத்துக்கு ஒரு இடத்துல..."

"எருமை சாணி போட்ட மாதிரி வச்சிருக்கான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சின்னவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். வாடிக்கைக்காரர்கள் முன்னால் ரோஷம் வந்துவிட்டது. "உன்கிட்ட வந்தா வெல்டு அரை மணி, திட்டு ரெண்டு மணிண்ணே" என்றான். நின்றிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. வெல்டர் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். அதோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது.

பெண்கள் இரண்டு பேருக்கும் அது பொருந்தவில்லை. சின்னவன் மனைவி தையல்காரி. சுவருக்கு அந்தப்பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றால், அண்ணி இந்தப்பக்கம் போய் நிற்பாள். "அக்கா, வண்டி பின்னாடி கிறீச் கிறீச்னு கத்துது. இவரு பாட்டு கேக்கிறாரு" என்று ஒருநாள் தையல்காரி சொன்னாள். அண்ணி யோசித்தாள். வெல்டர் இரும்பு வாங்க டவுனுக்குப் போகிற காலைகளில் ஜீப்பைப் பட்டறையின் பின்சந்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். வருவான், சாக்கு விரிப்பாள், வேலை முடியும், போய்விடுவான். நல்ல காரியமே திருட்டுக் காரியம் மாதிரி நடந்துகொண்டிருந்தது.

அன்று காலை தூறல். மலைமேல் இருக்கிற தங்கும் விடுதிக்கு ஜன்னல் திரைகள் தைத்திருந்தாள் தையல்காரி. மாட்டிக்கொடுக்க அவளும் ஜீப்பில் கிளம்பினாள். அண்ணி பின்னைக் கழுவித் துடைத்து எண்ணெய் காட்டித் திரும்ப மாட்டினாள். ஸ்பிரிங் தொய்ந்திருந்தது கைக்குத் தெரிந்தது. "தம்பி, இது தளந்துபோச்சு. அடுத்த தடவை மாத்திடலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம். வெல்டருடைய வண்டிதான். அந்த இருமல் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது.

"அய்யய்யோ, திரும்பிட்டாரு. எடு எடு!"

சின்னவன் எடுத்தான். தையல்காரி திரை மூட்டையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் சிரிப்பை அடக்கினாள். ஜீப் சந்தில் மறைந்தது. இரும்புக்கடை திறக்கவில்லை என்று அலுத்துக்கொண்டே வெல்டர் உள்ளே வந்தார். அண்ணி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அரிசி களைந்தாள், ஒரு வாடிக்கைக்காரருக்குப் பதில் சொன்னாள், துணி காயப்போட்டு மழைக்குப் பயந்து திரும்ப எடுத்தாள். வெயில் வராத ஒரு மந்தமான பொழுதில், அழுக்கு டீசலை வடிகட்டலாம் என்று டப்பாவைச் சாய்த்தாள். டப்பா விளிம்பில் 'டங்' என்று இடித்து ஏதோ துணியில் விழுந்தது.

கிளிப்.

கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. கழற்றும்போது டப்பா மூடியில் போட்டது, அவசரத்தில் மூடியோடு டப்பாவுக்குள் சரிந்திருக்கிறது. பின்னுக்கு அடியில் கிளிப் இல்லை. மேலே ஸ்பிரிங்கும் தொய்வு. மலைப்பாதை முழுக்கக் குலுக்கல். பின்னுக்கு நன்றாக எண்ணெய் காட்டியது வேறு. வழுக்கிக்கொண்டு மேலே வரும். பாதையோரம் ஆட்கள் நடப்பார்கள். வளைவில் அந்தக் கை வீசித் திறந்தால், டயர் மனிதத் தலை உயரத்துக்குத்தான் இருக்கும்.

அவள் சின்னவனுக்குப் போன் போட்டாள். மலையில் சிக்னல் கிடையாது. தையல்காரிக்குப் போட்டாள். அதுவும் இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் தையல் மெஷின் சத்தமில்லாமல் இருந்தது.

வெல்டர் ஒரு தகட்டை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இது நான் வளைச்ச கிளிப்பு. எந்த வண்டியோடது?"

"தம்பி வண்டியோடது."

"அவன் வண்டியோடது உன் கையில ஏன் இருக்கு?"

"நான்தான் அதுக்கு எண்ணெய் போடறேன். காலையில நீங்க வந்துட்டீங்க. அவசரத்துல மாட்ட மறந்துட்டேன். வண்டி மலைக்குப் போயிடுச்சு. அவளும் கூடப் போயிருக்கா."

வெல்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நாளா?"

"நீங்க எத்தனை நாளா பேசலையோ, அத்தனை நாளா."

அவர் இடுக்கியும் ஒரு ஸ்பானரும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க?"

"என் தப்புக்கு நீங்க மட்டும் போவீங்களா? எடுங்க."

தூறல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. ஊர் முடிந்து மரங்கள் தொடங்கியதும் பாதை சிவப்புச் சேறாக மாறியது. வெல்டர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"பின்னு முழுசா இறங்கிச்சா? கையில தெரிஞ்சுதா?"

"இறங்கிச்சு. சத்தம் கேட்டேன்."

"அப்போ ஸ்பிரிங் பிடிச்சுக்கும். பயப்படாத. கிளிப்பு சும்மா ஒரு காவல்தான்."

அவள் சொன்னாள். "ஸ்பிரிங் தொய்ஞ்சிருக்குங்க. மாத்தணும்னு நினைச்சேன்."

வண்டியின் வேகம் கூடியது. இடுப்புவலிக்காரர் பள்ளத்தைப் பார்த்து ஓட்டவில்லை; ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முதுகு விறைப்பது அவள் கைக்குத் தெரிந்தது. திறந்த கையை, வீசுகிற டயரை, ஓரத்தில் நடந்து போகிற யாரோ ஒருவரை அவள் மனம் திரும்பத் திரும்பக் காட்டியது. முகம் மட்டும் தெரியவில்லை. அதுவே பெரிய பயமாக இருந்தது.

பாதி மலையில் ஒரு டீக்கடை. வெல்டர் இறங்காமலே கேட்டார். "பச்சை ஜீப்பு ஒண்ணு போச்சா?"

"போச்சே" என்றார் டீக்கடைக்காரர். "பின்னாடி டயரு தலையாட்டிக்கிட்டே போச்சு. கையத் தட்டிக் கத்தினேன். உள்ள பாட்டு ஓடுது, காதுல எங்க விழும்? டீ சாப்பிடுங்க, நனைஞ்சிருக்கீங்க."

"வரும்போது சாப்பிடறோம்."

அங்கிருந்து மேலே மூடுபனி. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. அதற்கடுத்த வளைவுக்கு முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். பாதை செப்பனிடுகிறவர்கள்; மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். ரோடெங்கும் பச்சைப்புல் சிதறிக் கிடந்தது. புல்லுக்கு நடுவில் ஒற்றைச் செருப்பு.

வெல்டர் வண்டியை நிறுத்தினார். அண்ணி இறங்கினாள். அந்தச் செருப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்போதுதான் வளைவுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"கண்ணை எங்கடா அடகு வச்ச? வண்டி ஓட்டறியா, வவ்வால் ஓட்டறியா? வாலை ஆட்டிக்கிட்டு வருது மாடு மாதிரி! என் புல்லு போச்சு, என் செருப்பு போச்சு, இன்னும் ஒரு சாண் தள்ளி நின்னிருந்தா என் தலையும் போயிருக்கும்! போயிருந்தா நீயா வந்து என் பசுவுக்குப் புல்லு போடுவ?"

அண்ணி தன் வாழ்க்கையில் எத்தனையோ வசவு கேட்டிருக்கிறாள். இவ்வளவு இனிமையாக ஒன்றைக் கேட்டதில்லை. முழுத் தொண்டையில், மூச்சு வாங்காமல், ஒரு பெண் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டுகிறவளுக்கு உயிர் இருக்கிறது. திட்டுகிறவளுக்குத் தலை இருக்கிறது. அண்ணி புல்லை மிதித்துக்கொண்டு ஓடினாள். வெல்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ஜீப் மண்மேட்டில் சாய்ந்து நின்றது. டயர் கை மேட்டில் மோதித் திரும்பியிருக்கிறது. அதைப் பூப்போட்ட மஞ்சள் துணியால் வண்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விடுதிக்குத் தைத்த திரை. முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரி நிமிர்ந்து, "அக்கா!" என்றாள். சின்னவன் எதிர்ப்பக்கம் திரும்பி, புல்லுக்கட்டுக்காரி முன்னால் கைகட்டி நின்றிருந்தான்.

மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் பம்பரைக் காலால் தட்டினார். "இதை யாருய்யா கட்டினது? அவனை முதல்ல உதைக்கணும்."

"அந்தப் பேச்சு வேணாம்" என்றான் சின்னவன். திரும்பி நின்று சொன்னான். "எங்க அண்ணன் கட்டினது. யானை வந்து இடிச்சாலும் நிக்கும். வாரா வாரம் பின்னைப் பாருடான்னு தலையால அடிச்சுக்கிட்டாரு. கிளிப்பு இருக்கான்னு குனிஞ்சு பாக்கிறது ஓட்டறவன் வேலை. நான் பாக்கலை. உதைக்கணும்னா என்னை உதைங்க."

வெல்டர் வளைவிலேயே நின்றுவிட்டார். பனியில் அவரை யாரும் கவனிக்கவில்லை. அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்க்கக்கூடாததைப் பார்த்ததுபோலச் சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

அவள் நேராகப் புல்லுக்காரியிடம் போனாள். நரை கலந்த தலை, தோளெல்லாம் புல். அண்ணி அவள் தலையை, கழுத்தை, தோளை மாறி மாறித் தடவினாள். "எங்கயாவது பட்டுச்சாம்மா? வலிக்குதா? கழுத்தைத் திருப்புங்க பாப்போம்."

"என்னம்மா தடவுற, நான் என்ன விலைக்கு வந்த மாடா?" என்று புல்லுக்காரி விலகினாள். "புல்லுக்கட்டைத்தான் தட்டிவிட்டுச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. நீ யாரு?"

"தப்பு என்னோடது" என்றாள் அண்ணி. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பின்னுக்கு எண்ணெய் போட்டது நான். கிளிப்பை மாட்டாம விட்டதும் நான்தான். இந்தா இருக்கு." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இறுக்கிப் பிடித்ததில் கிளிப்பின் வடிவம் தோலில் பதிந்திருந்தது.

சின்னவன் கிளிப்பைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் வந்து நின்ற அண்ணனைப் பார்த்தான். முகம் வெளுத்தது. "அண்ணே, அண்ணி மேல தப்பில்ல. நான்தான் கொண்டு வந்து..."

"தள்ளு" என்றார் வெல்டர்.

குனிய முயன்றார். இடுப்பு பாதியில் பிடித்துக்கொண்டது. சின்னவன் ஓடிவந்து தோள் கொடுத்தான். அவர் தள்ளிவிடவில்லை. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டே மெதுவாகக் கீழே உட்கார்ந்து, திரையை அவிழ்த்தார்.

"இது என்ன துணி?"

"விடுதி ஜன்னல் திரை, மாமா" என்றாள் தையல்காரி. "கண்ணாடி வழியா பாக்கறேன், டயரு என்னைப் பாத்துப் போயிட்டு வரேன்னு சொல்லுது. கத்தினேன். இவரு பாட்டுக்கு நான் கூடப் பாடறேன்னு நினைச்சாரு."

மண்வெட்டிக்காரர்கள் சிரித்தார்கள். வெல்டரின் மீசையும் கொஞ்சம் அசைந்தது. பின்னை மேலே இழுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். "வளையலை. நல்லா வழுக்குது." ஸ்பிரிங்கைக் கழற்றினார். "இதான் செத்துப்போச்சு." இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைச் சின்னவனிடம் நீட்டினார். "இழு. மெதுவா. நீட்டினா ஒருநாள் ரெண்டுநாள் தாங்கும்."

"இவ்வளவு போதுமாண்ணே?"

"இன்னும் கொஞ்சம். உன் பலமெல்லாம் எங்கடா போச்சு? பாட்டு கேட்டே கரைஞ்சுபோச்சா?"

"நீ அந்தப்பக்கம் விட்டுக்கொடுக்கிற, நான் என்ன பண்றது?"

ஸ்பிரிங் நீண்டது. பின் இறங்கித் துளையில் உட்கார்ந்து கெட்டியாக ஒரு சத்தம் போட்டது. வெல்டர் கையை நீட்டினார். அண்ணி கிளிப்பை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. "நீயே போடு" என்றார்.

அவள் சேற்றில் முட்டிபோட்டு உட்கார்ந்து, பின்னின் அடியில் கிளிப்பைச் சொருகினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இன்னொருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"போதும்மா, பிச்சு எடுத்துடாத" என்றாள் புல்லுக்காரி.

எல்லோரும் சேர்ந்து புல்லைப் பொறுக்கினார்கள். சரிவில் இறங்கிய புல் போனது போனதுதான். மண்வெட்டிக்காரர்கள் ரோட்டோரத்தில் வெட்டிப்போட்டிருந்த புல்லையும் அள்ளிக்கொடுக்க, கட்டு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. செருப்பின் அறுந்த வாரை வெல்டர் ஒரு துண்டுக் கம்பியால் பிணைத்துக் கொடுத்தார். புல்லுக்காரி போட்டு நடந்து பார்த்து, "முன்ன இருந்ததுக்கு இது பரவாயில்ல" என்று ஒத்துக்கொண்டாள். தையல்காரி கொண்டுவந்த தூக்குவாளியில் சோறும் வேகவைத்த முட்டையும் இருந்தன. ஜீப்பின் பானட்டில் வைத்துப் பங்குபோட்டார்கள். முதலில் வேண்டாம் என்ற புல்லுக்காரிதான் கடைசிப் பருக்கைவரை நின்றாள்.

"என் வீட்டுல இறக்கி விடணும்" என்றாள் சின்னவனிடம். "கட்டை நீதான் தூக்கி வைக்கணும். முன்சீட்டு எனக்கு. பின்னாடி உக்காந்து அந்த டயரை நான் பாக்க மாட்டேன்."

"சரிம்மா."

"பாட்டு போடக்கூடாது."

"சரிம்மா."

ஜீப் கிளம்பும்போது வெல்டர் ஜன்னலருகில் போனார். சின்னவன் எஞ்சினை அணைக்கப் போனான். வேண்டாம் என்று கைகாட்டினார். கொஞ்ச நேரம் சக்கரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டு வா. ஸ்பிரிங் மாத்திடலாம். அந்தச் சாணி வெல்டையும் எடுத்துட்டு ஒழுங்கா வச்சுத்தரேன்."

"சரிண்ணே. காலையிலயா?"

"எப்போ வேணா வா. நான் இருக்கும்போது வா."

சின்னவன் தலையாட்டினான். கியரைப் போட்டான். ஜீப் பனிக்குள் ஏறி மறைந்தது. மஞ்சள் திரை மட்டும் கொஞ்சநேரம் கண்ணில் இருந்தது. சேறுபட்ட பக்கத்தை மழையில் அலசட்டும் என்று தையல்காரி ஜன்னல் வழியாக அதைப் பிடித்துக்கொண்டு போனாள்.

இறங்கும்போது வெல்டர் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். தூறல் விட்டு, இலைகளிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் தன் முதுகில் ஏதோ குலுங்குவதை உணர்ந்து வண்டியை ஓரங்கட்டினார். அண்ணி அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வண்டியில் வரும்போதும் அழவில்லை, செருப்பைப் பார்த்தபோதும் அழவில்லை.

"ஏய், என்ன இது? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"ஆகலை. அதான் அழறேன்."

"ஆகலைன்னா ஏன் அழணும்?"

"ஆகியிருந்தா அழறதுக்கு ஏதுங்க நேரம்?"

வெல்டர் எஞ்சினை அணைத்தார். இரண்டு காலையும் அகட்டிச் சேற்றில் ஊன்றி, வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரை நின்றார்.